சூடான நடைபாதை

குய்வாசல்மியின் பெரிய தெருவில்
நடைபாதைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது.
ஆலை குடித்து மிச்சம் விட்ட வெந்நீர்.
மைனஸ் இருபத்தெட்டிலும்
விழுந்த பனி விழுந்த இடத்திலேயே ஈரமாகிவிடும்.
வழுக்கி விழுந்து இடுப்பொடிந்தவர்கள் எங்கள் ஊரில் குறைவு.
பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதில் பொறாமை,
மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பொறாமை.

நாற்றம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.
நேற்று வேகவைத்து மூடி மறந்த முட்டைக்கோஸ்.
வீட்டுத் தரகர் ஒஸ்மோ
மேற்குக் காற்று வீசும் நாளாகப் பார்த்துத்தான்
வெளியூர்க்காரர்களுக்கு வீடு காட்டுவார்.
கூழ்தான் எங்கள் தொழில்.
கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள்;
எங்கள் ஊர்
மீசையை எப்போதோ மழித்துவிட்டது.

நான் பன் சுடுகிறவள்.
ஏலக்காய் இடித்துப் போட்ட பன்.
காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு நூற்று நாற்பது,
மதியம் இரண்டுக்கு எண்பது,
இரவு பத்துக்கு அறுபது போதும்,
இரவுக்காரர்கள் காபியோடு சிகரெட்டைத்தான் கடிப்பார்கள்.
முடி வெட்டும் ஆனெலி எந்தக் கிழமை கடை சாத்துவாள்,
பல் டாக்டர் எத்தனை மணி வரை விளக்கெரிப்பார்,
பாதிரியார் எந்த ஞாயிறு ஞானஸ்நானம் வைப்பார்
எல்லாம் ஷிஃப்டு அட்டவணையில் இருக்கிறது.
மூன்று வார வேலைநிறுத்தம் முடிந்த ஒன்பதாம் மாதம்
பிரசவ வார்டில் கட்டில் போதவில்லை.
ஷாங்காயில் ஒரு டன் கூழ் என்ன விலை என்று
எங்கள் ஹாக்கி அணியின் கோல்கீப்பருக்குத் தெரியும்.
ஐம்பது டாலர் ஏறினால் அவனுக்குப் புதுக் கையுறை.

தைஸ்தோ, என் பழைய கணவன்,
மரப்பட்டை உரிக்கும் பிரிவில் இருக்கிறான்.
இரண்டு பன் வாங்குவான், சரியான சில்லறை தருவான், உட்கார மாட்டான்.
ஜீவனாம்சம் பதினைந்தாம் தேதி வரும்.
விவாகரத்துத் தீர்ப்பில் ஐந்தாம் தேதி என்றுதான் இருந்தது.
சம்பள நாள் பதினைந்து.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை
அதிகாலை நாலு மணிக்குக் கடை திறக்க வந்தேன்.
நடைபாதையில் பனி.
பிசைபலகையில் மாவு தூவியதுபோல,
ஒரு காலடிகூடப் படாமல்,
தங்கியிருந்தது.

ஆறு மணிக்கு நூற்று நாற்பது பன்னும் ஆறிக்கொண்டிருந்தன.
பத்து மணிக்கு அறிவிப்பு வந்தது:
இரண்டாம் வரிசை நிறுத்தம்,
கால அளவு பின்னர் தெரிவிக்கப்படும்.
முதலில் மூடியது நடைபாதைக் குழாயைத்தானாம்.
நகராட்சியில் துருவித் துருவிப் பார்த்தார்கள்.
எந்த ஒப்பந்தத்திலும் அது இல்லை.
நாற்பத்தொரு வருஷம்
இனாமாக ஓடியிருக்கிறது.

பெரிய தெருவில் எவனிடமும் பனிவாரி கிடையாது.
இரும்புக்கடை ஊர்ப்போ அன்று பத்தொன்பது விற்றார்.
விற்ற சந்தோஷம் முகத்தில் இல்லை;
இருபதாவதைத் தனக்கே எடுத்துக்கொண்டு
வாசலில் நின்று
எங்கே தள்ளுவது என்று கேட்டார்.
நியாயமான கேள்வி.
பனியை எங்கே குவிப்பது என்று
இந்தத் தெரு யோசித்ததே இல்லை.

மதியம் தைஸ்தோ வந்தான்.
என் கடை வாசலை மட்டும் வாரினான்,
பக்கத்துக் கடை எல்லையில் கோடு கிழித்தாற்போல் நிறுத்தினான்.
பனிவாரியைக் கதவில் சாய்த்துவிட்டு
முப்பத்திரண்டு யூரோ,
பதினைந்தாம் தேதி கழித்துக்கொள்கிறேன் என்றான்.
பதினைந்தாம் தேதி வருமா என்று நான் கேட்கவில்லை.
ஐம்பத்திரண்டு பன் விற்றிருந்தது.
மீதியில் ஆறைப் பையில் போட்டேன்.
சில்லறை தேடினான்.
அதையும் கழித்துக்கொள் என்றேன்.

மறுநாள் சாயங்காலம் மைனஸ் பதினாலு.
தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.
அறைச் சூடெல்லாம் வெளியே போகட்டும் என்று
தலையை நீட்டி நின்றார்கள்.
முதல் வரிசையாவது ஓடுகிறதா?
ஒஸ்மோவும் நின்றார்,
கழுத்துத் துணியை இறக்கி,
கண்ணை மூடி,
கிழக்கே மூக்கைத் திருப்பி.

வருதா, என்றேன்.

பேசாதே என்று
கையை உயர்த்தினார்.